பேரனுக்கு ஒரு நோட்டு, மகளுக்கு ஒரு நோட்டு

என் பேரன் பிறந்த ஒன்பதாம் நாள் அவன் எத்தனை தடவை மூத்திரம் போனான் என்று கேட்டால், வீட்டில் மூன்று பேரும் தூக்கத்தில்கூடச் சரியாகச் சொல்லியிருப்போம். ஏழு. மாப்பிள்ளை அதற்கென்றே ஃபோனில் ஒரு ஆப் வைத்திருந்தார். பால் குடித்த நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம், மலத்தின் நிறம் எல்லாம் அதில் ஏறும். அதே நாள் என் மகள் மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டிருந்தால் ஒருவருக்கும் பதில் தெரியாது. சாப்பிடவில்லை. தட்டை மூடி ஜன்னல் திண்டில் திரைக்குப் பின்னால் வைத்திருந்தாள். சாயங்காலம் திரையை இழுத்தபோதுதான் பார்த்தேன். பூண்டுக் குழம்பு ஆடை கட்டிப் போயிருந்தது.

நான் திருநெல்வேலிக்காரி. டெலிஃபோன் ஆபீஸில் ஆபரேட்டராகச் சேர்ந்து, 2020-இல் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வு கொடுத்தபோது வெளியே வந்தவள். பெங்களூர் முருகேஷ்பாளையத்தில் மூன்றாம் மாடி வீட்டில், மகளுக்குப் பிரசவம் பார்க்க வந்து ஐந்து மாதம் இருந்தேன். வைத்தியம் படித்தவள் இல்லை. டாக்டர்களிடம் கேட்டதும் பட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே இருக்கிறது. இதேபோலப் பெட்டி கட்டிக்கொண்டு பெங்களூர் வண்டி ஏறப்போகிற அம்மாக்களுக்கும் அவர்களுடைய மாப்பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம்

மூன்றாம் நாள் பால் இறங்கும். அன்றைக்கோ மறுநாளோ கண்ணீரும் இறங்கும். காரணமே இருக்காது. என் மகள் மிக்ஸி சத்தத்துக்கு அழுதாள், மாமியார் வாங்கி அனுப்பிய சின்னச் சட்டையைப் பார்த்து அழுதாள். கர்ப்பத்தில் ஏறி நின்ற ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன்கள் நஞ்சுக்கொடி விழுந்ததும் மளமளவென்று இறங்கிவிடுகின்றன. அதோடு தையல் வலி, தூக்கமின்மை, மார்பில் பால் கட்டு. பிள்ளை பெற்றவர்களில் பாதிக்கு மேல் இந்த அழுகை வந்து போகும். இரண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிட்டால் அது நோய் இல்லை, வைத்தியமும் வேண்டாம்.

ஆனால் அந்த இரண்டு வாரத்தில் நாம் பேசுகிற பேச்சு இருக்கிறதே! "அழாதட்டி, அழுதா பால் வத்திரும்" என்று நானே சொன்னேன். அழுகையோடு பயமும் சேர்ந்ததுதான் மிச்சம். "ஏன் அழுற?" என்றும் கேட்காதீர்கள், அவளுக்கே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள், அவள் முகம் கழுவிவிட்டு வரட்டும், காப்பி கொடுங்கள். அது போதும்.

நாள் எண்ணிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதினைந்தாம் நாளும் அழுகை நிற்கவில்லை, அல்லது நின்றுபோய் அதன் இடத்தில் ஒரு வெறுமை வந்து உட்கார்ந்துவிட்டது என்றால், அது வேறு கதை.

நோட்டில் என்ன எழுதுவது

தட்டைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஐந்தே விஷயம். ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் தூங்கினாள். எத்தனை வேளை சாப்பிட்டாள், எவ்வளவு மிச்சம் வைத்தாள். தண்ணீர். குளித்தாளா. ஐந்தாவது, குழந்தையைப் பற்றி இல்லாமல் வேறு ஏதாவது தானாகப் பேசினாளா.

இந்த ஐந்தாவதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. ஆபரேட்டர் வேலையில் ஒரு "ஹலோ"விலேயே எதிர்முனையில் கல்யாண சேதியா சாவு சேதியா என்று கண்டுபிடித்துவிடுவோம் என்று பீற்றிக்கொள்வோம். சொந்த மகள் ஆறு நாளாக "டயபர் எங்க", "மணி என்ன", "இவன் சரியா குடிக்கலை" என்ற மூன்றைத் தவிர வேறு பேசவில்லை என்பது எனக்குத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. கூட்டிக்கழித்துப் பார்த்தால் ஒரே மூச்சில் அதிகமாகத் தூங்கியது ஒன்றே முக்கால் மணி நேரம்.

அவளுக்குத் தெரியாமல் எழுதாதீர்கள். நான் மூன்று நாள் மறைத்தேன். பார்த்துவிட்டு, "எனக்கும் ஆப்பா? நானும் மூத்திரம் போறதை எழுதிக்கோ" என்று தாளை வீசினாள். நியாயம்தான். மறுநாள் பேனாவை அவள் கையிலேயே கொடுத்தேன். தூக்கக் கணக்கை அவளே எழுத ஆரம்பித்தாள். மற்றதெல்லாம் என் கையெழுத்து.

தூக்கத்துக்கு டூட்டி சார்ட்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். குழந்தை தூங்கும்போதுதான் அவள் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும். அறிவுரையால் தூக்கம் வராது, ஆள் மாற்றினால்தான் வரும். டெலிஃபோன் ஆபீஸில் நைட் டூட்டிக்குச் சார்ட் போடாமல் ஒரு நாள் ஓடியிருக்குமா?

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். முதல் சில வாரம் ராத்திரிப் பாலை விடவும் முடியாது. ஆகவே பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவளிடமிருந்து பிடுங்கினோம். ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை மாப்பிள்ளை. குழந்தை சிணுங்கினால் தூக்கிக்கொண்டு போய் அவளருகில் போடுவார், குடித்து முடித்ததும் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுவார். ஏப்பம், துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் அவர் பாடு. இரண்டிலிருந்து ஆறு வரை நான். அவள் அறையில் கடிகாரம் கிடையாது, ஃபோன் கிடையாது.

பால் நன்றாக ஊறிய பிறகு, ஐந்தாம் வாரத்தில், டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜின் உள்பக்கம் வைத்தோம். மறுநாளைத் தாண்டி வைப்பதில்லை. அடுப்பில் காய்ச்சவும் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்தில் பாத்திரத்தோடு நிறுத்திச் சூடு காட்டினால் போதும். பாட்டில் வேண்டாம் என்று சங்கில் புகட்டினேன். குழந்தையைச் சாய்த்துப் பிடித்து, உதட்டோரம் வைத்தால் அவனே நக்கி இழுத்துக்கொள்வான், வாய்க்குள் ஊற்றக் கூடாது. அன்று ராத்திரி அவள் நாலரை மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். காலையில் எழுந்து, "அம்மா, மழை பெஞ்சுதா?" என்று கேட்டாள். குழந்தையைப் பற்றி இல்லாத பேச்சு. தாளில் எழுதிக் கோடு போட்டுவைத்தேன்.

சமையல்காரி வைத்துக்கொள்ள வசதி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்து அக்கா ஒருத்தி காலையில் இரண்டு மணி நேரம் வந்தாள். குழந்தையைப் பார்க்க ஆள் வைப்பதைவிடப் பாத்திரம் தேய்க்க ஆள் வைப்பது மேல் என்பது என் கட்சி. குழந்தையை அம்மாவும் அப்பாவும் பாட்டியும் பார்த்துக்கொள்ளலாம், சிங்க்கை யார் பார்ப்பது?

பத்தியமும் வெளிக்காற்றும்

இதில் எனக்கும் டாக்டருக்கும் நடந்தது சின்ன யுத்தம். பிரசவ லேகியத்துக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, அளவோடு சாப்பிடட்டும் என்றார். தண்ணீரைக் குறைத்ததற்குத்தான் திட்டு விழுந்தது. தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று என் அம்மா எனக்குச் செய்ததை நான் மகளுக்குச் செய்தேன். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுக்க வேண்டும். காய், கீரை, பழம், முட்டை, மீன் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும் என்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. பாதிப் பேர் குழந்தை பிறந்ததும் நிறுத்திவிடுகிறோம். ரத்தம் குறைந்தாலும், பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறினாலும் சோர்வு, எரிச்சல், மனக்கலக்கம் வரும். அதனால் மனசு சரியில்லை என்றால் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டுக்கான டி.எஸ்.எச்.சும் பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்பது சம்பந்தியம்மா கட்டளை. சண்டை போட எனக்குத் தெம்பில்லை. "மதினி, மொட்டை மாடி வீட்டுக்குள்ளதானே?" என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். தினம் காலை ஏழரைக்கு இருபது நிமிஷம் மாடியில் வெயில், துணிக்கொடிகளுக்கு நடுவே நடை. பெங்களூர்க் குளிரென்று ஜன்னலெல்லாம் சாத்தி, காதில் பஞ்சடைத்து உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அந்த இருபது நிமிஷம்தான் வெளியுலகம்.

பார்க்க வருகிறவர்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். வாசலில் நிற்க வேண்டியவர் கணவன். "பால் பத்தலையா?", "ஆபரேஷனா? நாங்கல்லாம் வீட்டுலயே பெத்தோம்", "என்ன, நிறம் கம்மியா இருக்கான்" என்று வாய் திறக்கிறவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்புவது அவர் வேலை. வீடியோ காலுக்கும் இதே சட்டம். மாப்பிள்ளை கூச்ச சுபாவம். முதல் தடவை தன் பெரியம்மாவிடம், "பெரியம்மா, அவ தூங்குறா, எழுப்பமாட்டேன்" என்றபோது காது சிவந்துவிட்டது. பெரியம்மா ஒரு மாதம் பேசவில்லை. ஒரு மாதம் நிம்மதி.

அவள் தூங்கவே இல்லை

மூன்றாம் வாரத்துக்கு வருகிறேன். டூட்டி சார்ட்டெல்லாம் போட்டும் சில ராத்திரி அவள் தூங்கவில்லை. குழந்தை என் மடியில் அசந்து தூங்குவான். அவள் ஃபோன் டார்ச்சை விரல்களால் மறைத்து, விரலிடுக்கு வெளிச்சத்தில், அவன் மூக்கருகே குனிந்து மூச்சை எண்ணுவாள். போய்ப் படுப்பாள். பத்து நிமிஷத்தில் திரும்ப வருவாள். ஒரு நாள் விடியற்காலை, அழாமல், பால் கணக்குச் சொல்கிற குரலில், "இவனுக்கு வேற யாராவது அம்மாவா வந்திருக்கலாம்மா" என்றாள்.

அந்தக் குரலை நான் முன்பு எக்ஸ்சேஞ்சில் கேட்டிருக்கிறேன். சத்தமில்லாத குரல்தான் மோசமானது.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்பது எப்போதும் அழுகையாகவே வருவதில்லை. குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராதது, ஓயாத பயம், எரிந்து விழுவது, குழந்தையிடம் ஒட்டாதது, நான் லாயக்கில்லை என்ற எண்ணம், பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது எல்லாம் இதன் முகங்கள். முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். இந்தியாவில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2017-இல் வெளியான கணக்கு, சுமார் 22 சதவீதத் தாய்மார் என்கிறது. ஐந்தில் ஒருத்திக்கு மேல். ஆகவே இது பெண்ணின் குணக்கேடோ வளர்த்தவள் தப்போ இல்லை.

வீட்டிலேயே முதலில் செய்து பார்க்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவானது, தமிழிலும் உண்டு. பத்துக் கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. பத்தை எட்டினாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும், 13-ம் அதற்கு மேலும் என்றால் தள்ளிப்போடக் கூடாது. பத்தாம் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அதுவரை அவளைத் தனியே விடக் கூடாது. இந்தத் தாளை அவளே தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அம்மா முன்னால் எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? எட்டு வந்தது. இரண்டு நாள் கழித்துக் கதவைச் சாத்திக்கொண்டு அவளே எழுதியபோது 16.

எங்கே போவது

நான் முதலில் செய்தது எனக்குத் தெரிந்த வேலையை. ஃபோன் போட்டேன். 14416, டெலி மானஸ். 2022 அக்டோபர் 10-ஆம் தேதி அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். பெங்களூரில் இருந்துகொண்டு கன்னடமோ இங்கிலீஷோ தடுமாற வேண்டியதில்லை. தாய்க்காகப் பாட்டியும் பேசலாம், கணவனும் பேசலாம். அழைப்பை எடுத்த பெண், என் பேரன் பெயரைக் கேட்பதற்கு முன் என் மகள் சாப்பிட்டாளா என்று கேட்டாள். பழைய ஆபரேட்டரான எனக்கு அதுவே போதும், நம்பிவிட்டேன்.

ஓசூர் ரோட்டில் மத்திய அரசின் மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸில் பிரசவ கால மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 2009-இலிருந்து, தாயைச் சேர்க்க வேண்டி வந்தால் குழந்தையையும் கூடவே வைத்துப் பார்க்கிற வார்டும் உண்டு. குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது. பெரும்பாலானவர்களைச் சேர்க்கவே வேண்டியிருக்காது. எங்களுக்கும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகத் தயக்கமாக இருந்தால் பிரசவம் பார்த்த டாக்டரிடம் சொல்லுங்கள். ஆறாம் வாரம் தடுப்பூசிக்குப் போவீர்களே, அன்றைக்குக் குழந்தை டாக்டரிடமாவது வாயைத் திறங்கள். எங்கள் டிஸ்சார்ஜ் பேப்பரில் தாயின் மனசுக்கு ஒரு வரி இல்லை. கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள்.

என் மகளுக்கு வாரம் ஒரு நாள் மனம்விட்டுப் பேசவைக்கிற சிகிச்சை, கூடவே மாத்திரை. மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தை அப்படித்தான் வெகுவாகக் கொடுக்கிறார்கள். எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். குணம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், தெரிந்ததும் நாமாக நிறுத்தக் கூடாது.

சம்பந்தியம்மா கண்ணேறு என்றார். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். நானும் கூட நின்றேன். சுற்றிப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். இரண்டுக்கும் சண்டை இல்லை, ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றை விடுவதுதான் தப்பு.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஒரு மணி நேரமும் காத்திருக்காதீர்கள். நாம் சன்னி என்போம், கீழ்வீட்டுக் கன்னடப் பாட்டி 'பாணந்தி சன்னி' என்றார். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டுதான், ஆனால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் திடீரென்று வரும். ராத்திரி பகலாகத் தூக்கமே தேவைப்படாதது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையில் தெய்வமோ பிசாசோ இருப்பதாகச் சொல்வது, ஒரு நேரம் படபடவென்று பேசி மறுநேரம் ஆளே குழம்பி நிற்பது. குழந்தையோடு அவளைத் தனியே விடாதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். வண்டி இல்லையென்றால் 108. சரியான நேரத்தில் போனால் நன்றாகக் குணமாகிற நோய் இது.

மாப்பிள்ளைக்கும் ஒரு தட்டு

ஒரு நாள் மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து கிளம்பி ஒன்றரை மணி நேரமாகியும் மேலே வரவில்லை. கீழே பார்க்கிங்கில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். "அஞ்சு நிமிஷம் அத்தை, வந்துடறேன்" என்றார். குரல் உடைந்தது. பத்து அப்பாக்களில் ஒருவருக்கும் இந்தச் சோர்வு வரும் என்று பிறகு டாக்டர் சொன்னார். மத்திய அரசு வேலை என்றால் அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு, தனியார் கம்பெனியில் அது முதலாளி மனசைப் பொறுத்தது. இவருக்கு ஐந்து நாள் கிடைத்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் அவரை வீட்டை விட்டுத் துரத்திவிடுவேன். அல்சூர் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வருவார்.

எனக்கும் முதுகு ஒடிந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டி இரும்பு இல்லை. வாரம் ஒரு ராத்திரி எனக்கு ஆஃப்.

ஊருக்குத் திரும்புகிறவர்கள்

மூன்றாம் மாதம் பாட்டிமார் சட்டென்று கிளம்பிவிடுவது பழக்கம். அப்படிப் போகாதீர்கள். நான் முதலில் நாலு நாள் மட்டும் ஊருக்குப் போய் வந்தேன், பிறகு பத்து நாள். அந்தப் பத்து நாளில் என்னென்ன இடறியது என்று பார்த்து, ராத்திரிச் சமையலுக்கும் அக்காவை ஏற்பாடு செய்தோம். வேலைக்குத் திரும்புவது அடுத்த கண்டம். 2017 முதல் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பது சட்டம். விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே ஆபீஸில் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். மாத்திரையும் டாக்டர் தேதியும் அதோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் மாதம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் என்னை ஏற்றிவிட மூன்று பேரும் வந்தார்கள். காலண்டர் தாள்களை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். தினம் ராத்திரி ஒன்பதுக்குப் பேசுவோம். பேரனைக் கடைசியில்தான் கேட்பேன். போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்முனையில் நீளமாக ஒரு கொட்டாவி.

"அம்மா, தூக்கம் சொக்குது. வச்சிரட்டா?"

"வையிட்டி, வை" என்றேன்.